செய்தேன் என்ற சொல் எங்கே?

ஒரு பிரபலத்தின் மன்னிப்பு அறிக்கை கைக்கு வந்ததும் வேறு எதையும் பார்க்க வேண்டாம், வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். தமிழில் இது சுலபமான வேலை. செய்தது யார் என்பதை விகுதியே சொல்லிவிடும். "நான் அவரை அடித்தேன்" என்று எழுதினால் அந்த 'ஏன்' விகுதியில் ஆள் நிற்கிறார். "விரும்பத்தகாத ஒரு சம்பவம் நடந்துவிட்டது" என்று எழுதினால் அங்கே ஆளே இல்லை. சம்பவம் தானாக வந்து தானாக நடந்திருக்கிறது.

எல்லா அறிக்கையிலும் வரும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "என் பேச்சு யாருடைய மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்." வருந்துகிறேன் என்பதில் தன்மை விகுதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது வருத்தத்தோடு மட்டும்தான் சேர்ந்திருக்கிறது. புண்படுத்தியது 'பேச்சு'. புண்பட்டவர் 'யாராவது'. புண்பட்டதும் 'இருந்தால்' தான். பேசியவர் மறைந்தார், அடிபட்டவர் மறைந்தார், நடந்ததா என்பதே சந்தேகமாகிவிட்டது. ஆறு சொற்களுக்குள் இவ்வளவும் முடிந்துவிடுகிறது. இதைத்தான் நாம் "மன்னிப்புக் கேட்டாரே, இன்னும் என்ன வேண்டும்?" என்று பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

வருந்துகிறேன், மன்னிப்புக் கேட்கிறேன் என்ற இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. வருத்தம் யாருக்கும் எதற்கும் வரலாம். மன்னிப்புக் கேட்பவர் தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். அறிக்கையை வெளியிடும் முன் வழக்கறிஞர் பார்க்கும்போது அவர் முதலில் வெட்டுவது இந்த ஒப்புதலைத்தான். பின்னால் வழக்கு வந்தால் அது சான்றாக எதிரே வந்து நிற்கும் என்ற பயம். அதனால் சட்டம் தெரிந்த ஆள் பார்த்த அறிக்கையில் வருத்தம் மிஞ்சும், பொறுப்பு போய்விடும். அவர் கோணத்தில் நியாயம்தான். ஆனால் படிக்கிற நாம் அதை மன்னிப்பு என்று எண்ணிக் கணக்கை முடிக்க வேண்டியதில்லை.

ராய் லெவிக்கி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் உதவும். மன்னிப்பை அவர்கள் ஆறு பகுதிகளாகப் பிரித்தார்கள்: வருத்தம் தெரிவிப்பது, என்ன தவறு நடந்தது என்று விளக்குவது, பொறுப்பை ஏற்பது, திருந்துவதாகச் சொல்வது, சேதத்தைச் சரிசெய்ய முன்வருவது, மன்னிக்கும்படி கேட்பது. எது அதிகம் எடுபடுகிறது என்று பார்த்தபோது பொறுப்பை ஏற்பது முதலில் வந்தது. சரிசெய்ய முன்வருவது அடுத்து. 'என்னை மன்னித்துவிடுங்கள்' என்ற கோரிக்கை கடைசி. பிரபலங்களின் அறிக்கைகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே இருக்கும். கோரிக்கை நீளமாக இருக்கும், பொறுப்பு ஒரு வரியில் முடியும், சரிசெய்வது பற்றிப் பேச்சே இருக்காது.

அறிக்கையின் உருவத்தையும் பாருங்கள். எழுத்தாக இல்லாமல் படமாகப் போட்டால் தேடலில் சிக்காது. 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரியாகப் போட்டால் அடுத்த நாள் இருக்காது. தவறு நிரந்தரப் பதிவாகவும் மன்னிப்பு மறையும் பதிவாகவும் இருந்தால் அந்த வித்தியாசமே ஒரு தகவல்.

அப்புறம், அறிக்கை யாரைப் பற்றியது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2017 டிசம்பர் 31 அன்று யூடியூபர் லோகன் பால், ஜப்பானின் ஆவோகிகஹாரா காட்டில் இறந்துகிடந்த ஒருவரின் உடலைக் காட்டும் வீடியோவை வெளியிட்டார். எதிர்ப்பு வந்ததும் அவர் எழுதிய முதல் மன்னிப்பில், தான் பார்வைகளுக்காக அதைச் செய்யவில்லை, பார்வைகள் தனக்கு ஏற்கெனவே வருகின்றன என்ற பொருளில் ஒரு பகுதி இருந்தது. இறந்தவரின் குடும்பத்தைப் பற்றி இருக்க வேண்டிய இடத்தில் தன் பார்வைக் கணக்கு. அது எடுபடவில்லை, மறுநாளே வீடியோவில் வந்து மறுபடி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஜனவரி 10 அன்று யூடியூப் அவரைத் தன் உயர்மட்ட விளம்பரத் திட்டத்திலிருந்து நீக்கியது.

எப்படிக் கேட்பது என்பதற்கும் ஒரு நல்ல மாதிரி அதே 2018 ஜனவரியில் கிடைத்தது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை உருவாக்கும் டேன் ஹார்மனிடம் மேகன் கான்ஸ் எழுத்தாளராக வேலை பார்த்தவர். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் பொதுவில் அந்த நாட்களைக் குறிப்பிட்டதும், ஹார்மன் தன் போட்காஸ்டில் சுமார் ஏழு நிமிடம் பேசினார். தன் கீழ் வேலை பார்த்தவர் மேல் தனக்கு ஈர்ப்பு வந்தது, அதை மனதில் வைத்து நடந்துகொண்டேன், எச்சரித்தவர்களிடம் மழுப்பினேன், அவர் மறுத்தபின் அவரையும் அவர் எழுத்தையும் கொடுமையாக நடத்தினேன், ஓர் ஆணிடம் அப்படி நடந்திருக்க மாட்டேன் என்று வரிசையாகச் சொன்னார். இதை எப்படிச் செய்ய முடிந்தது என்பதற்கும் பதில் சொன்னார்: அதைப் பற்றி யோசிக்காமல் இருந்தே செய்தேன் என்று. அந்தப் பேச்சைத் தமிழில் எழுதினால் வினைகள் பெரும்பாலும் 'ஏன்' என்றே முடியும்.

கான்ஸ் அதைக் கேட்டார், மற்றவர்களையும் கேட்கச் சொன்னார், பொதுவில் மன்னித்தார். அவர் சொன்னதில் முக்கியமானது இது: நடந்தவை உண்மையாகவே நடந்தவைதான், தான் கற்பனை செய்யவில்லை என்று செய்தவர் வாயால் கேட்டதில் தனக்குக் கிடைத்த நிம்மதியை அவரே எதிர்பார்த்திருக்கவில்லை. மன்னிப்பில் விவரம் ஏன் அவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. பாதிக்கப்பட்டவரிடம் பல ஆண்டுகளாக "உனக்கு அப்படித் தோன்றியிருக்கும்" என்று உலகம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். பொத்தாம்பொதுவான மன்னிப்பு அந்தச் சந்தேகத்தை அப்படியே விட்டுவைக்கும். தேதியும் செயலுமாகச் சொல்லும் மன்னிப்புதான் அதைத் துடைக்கும்.

விவரம் சொன்னாலும், சொன்ன விவரம் சரியா என்று பார்க்க வேண்டும். 2018 மார்ச் 24, கேப் டவுன் டெஸ்டின் மூன்றாம் நாள். ஆஸ்திரேலியாவின் கேமரூன் பேங்கிராஃப்ட் பந்தில் எதையோ தேய்த்து, மஞ்சளாக ஏதோ ஒன்றைக் கால்சட்டைக்குள் ஒளிப்பது கேமராவில் சிக்கியது. நடுவர்கள் கேட்டபோது அவர் காட்டியது கண்ணாடி துடைக்கும் கறுப்புத் துணி. அன்று மாலை கேப்டன் ஸ்டீவ் ஸ்மித்தும் அவரும் பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் ஒட்டுநாடாவும் அதில் ஒட்டிய மண்ணும் என்று சொன்னார்கள். சில நாட்களில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியத்தின் விசாரணை அது உப்புத்தாள் என்று சொன்னது. துணி, ஒட்டுநாடா, உப்புத்தாள் என்று உண்மை மூன்று தவணையில் வந்தது.

ஒரு சர்ச்சையில் முதல் ஒப்புதல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கேமரா ஏற்கெனவே காட்டிவிட்ட அளவுக்கு ஒப்புக்கொள்வார்கள், அதற்கு மேல் ஒரு அடி நகர மாட்டார்கள். ஆகவே முதல் நாள் அறிக்கையை வைத்து "நேர்மையாக ஒத்துக்கொண்டார்" என்று சான்றிதழ் கொடுக்க அவசரப்பட வேண்டாம். விசாரணை அமைப்பின் அறிக்கை வரும் வரை காத்திருந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் எவ்வளவு மறைத்தார் என்பது தெரிந்துவிடும். ஸ்மித்துக்கும் துணைக் கேப்டன் டேவிட் வார்னருக்கும் 12 மாதத் தடை, பேங்கிராஃப்ட்டுக்கு 9 மாதம். டெஸ்ட் தொடர்களுக்குப் பெயர் கொடுத்திருந்த மெகெல்லன் நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. சிட்னி விமான நிலையத்தில் ஸ்மித் உடைந்து அழுதது பிறகுதான் வந்தது. பலருக்கு நினைவில் நிற்பதோ அந்த அழுகைதான்.

அழுகையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். திரையில் ஒருவரைப் பல வருடம் பார்த்தவர்களுக்கு அவர் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடுகிறார். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-லேயே இந்த ஒருவழி நெருக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தொலைக்காட்சி அப்போதுதான் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தது. நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. ஆனாலும் அவர் தவறு செய்தால் நம்மை ஏமாற்றியது போலவும், அவர் அழுதால் நம்மிடம் அழுவது போலவும் இருக்கும். அதனால்தான் "நான் மன்னித்துவிட்டேன்" என்று லட்சம் பேர் எழுதுகிறார்கள். மன்னிக்கும் உரிமை அடிபட்டவருக்கு மட்டும்தான் உண்டு. ரசிகர்கள் அவரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, "நாங்களே மன்னித்துவிட்டோம், உனக்கென்ன?" என்று அவரிடமே திரும்பிக் கேட்பது எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம்.

மன்னிப்பும் தண்டனையும் வேறு வேறு கணக்கு. 2022 மார்ச் 27 ஆஸ்கர் மேடையில் நடிகர் வில் ஸ்மித் நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக்கை அறைந்தார். கொஞ்ச நேரத்தில் சிறந்த நடிகர் விருது வாங்கியபோது, ஆஸ்கரை வழங்கும் அகாடமியிடமும் உடன் போட்டியிட்டவர்களிடமும் மன்னிப்புக் கேட்டார், அறை வாங்கியவர் பெயர் அதில் இல்லை. மறுநாள் இன்ஸ்டாகிராமில் ராக்கின் பெயர் வந்தது. ஏப்ரல் 1 அன்று அகாடமி உறுப்பினர் பதவியை விட்டார். ஏப்ரல் 8 அன்று அகாடமி தன் நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள 10 ஆண்டுத் தடை போட்டது, விருதைத் திரும்பப் பெறவில்லை. இதில் ராக் மன்னிப்பது ராக்கின் விருப்பம். ஒரு மேடையை நடத்தும் அமைப்பு அங்கே நடந்த வன்முறைக்கு நடவடிக்கை எடுப்பது அதன் கடமை. ஒன்று நடந்துவிட்டதால் மற்றது தேவையில்லை என்று வாதாடக் கூடாது.

அந்த இரவே இன்னொரு பாடமும் கொடுத்தது. அமெரிக்க நேரடி ஒளிபரப்பில் அந்த இடத்தில் ஒலி வெட்டப்பட்டிருந்தது. நடிப்பா நிஜமா என்று பார்த்தவர்கள் குழம்பினார்கள். ஆஸ்திரேலிய, ஜப்பானிய ஒளிபரப்புகளில் இருந்து முழு ஒலியோடு வந்த காட்சிதான் தெளிவாக்கியது. ஒரே நிகழ்ச்சி, இரண்டு ஒளிபரப்பு, இரண்டு அர்த்தம். பத்து விநாடி கிளிப் பார்த்துக் கொதிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை அதிக நேரம் எடுக்காது. முழுப் பேட்டியைத் தேடி, அந்த வரிக்கு முன்னால் இரண்டு நிமிடமும் பின்னால் இரண்டு நிமிடமும் கேளுங்கள், கேள்வி என்னவென்று அங்கேதான் தெரியும். ஒரு காட்சியை நிறுத்திப் படமெடுத்து, படத்தேடலில் போட்டால் பழைய வீடியோவுக்குப் புதுத் தேதி ஒட்டியிருப்பது பெரும்பாலும் பிடிபடும். வேற்றுமொழிப் பேட்டியென்றால் கீழே ஓடும் வசனத்தை நம்ப வேண்டாம், அந்த மொழி தெரிந்தவரிடம் கேளுங்கள். வெட்டு விழும் இடங்களில் தோளும் கையும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள், இடம் குதித்திருந்தால் நடுவில் எதையோ எடுத்திருக்கிறார்கள். ட்வீட் ஸ்கிரீன்ஷாட் என்றால் அசல் கணக்குக்குப் போய்ப் பாருங்கள். நீல டிக் இனி ஆளை உறுதிசெய்யும் அடையாளம் ஆகாது, 2023 ஏப்ரலில் பழைய டிக்குகளை நீக்கியபின் அது பணம் கட்டினால் கிடைப்பது.

இதற்கெல்லாம் பொறுமை ஏன் இல்லாமல் போகிறது என்பதற்கும் காரணம் உண்டு. 2017-ல் வில்லியம் பிரேடி குழு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ட்வீட்களை ஆராய்ந்தது. ஒழுக்கமும் உணர்ச்சியும் கலந்த ஒவ்வொரு சொல்லும் ஒரு ட்வீட் பரவுவதைச் சுமார் 20% கூட்டியது. 'தவறு செய்தார்' என்பதை விட 'அசிங்கம், துரோகி' என்பது ஓடும். நிதானமாக எழுதியவர் கண்ணில் படுவதே குறைவு.

ஓடியபின் திரும்பப் பிடிக்க முடியாது என்பதற்கு நூறு வருடப் பழைய உதாரணம் இருக்கிறது. மௌனப்பட நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் 1921 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஓட்டலில் கொடுத்த விருந்துக்கு வந்த நடிகை வர்ஜீனியா ராப் சில நாட்களில் இறந்துபோனார். பத்திரிகைகள் வழக்குக்கு முன்பே தீர்ப்பு எழுதின. முதல் இரண்டு விசாரணைகளில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மூன்றாவதில், 1922 ஏப்ரல் 12 அன்று, சில நிமிடங்களிலேயே விடுதலை செய்தார்கள். அந்த நிமிடங்களிலும் பெரும்பகுதி, அவருக்கு விடுதலை மட்டும் போதாது, பெரும் அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது என்று அறிக்கை எழுதுவதற்கே போனது. ஆறு நாள் கழித்துத் திரைத்துறையின் சார்பில் வில் ஹேஸ் அவர் படங்களுக்குத் தடை போட்டார். தடை டிசம்பரில் நீங்கியது. ஆனால் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. வேறு பெயரில் படங்களை இயக்கிவிட்டு 1933-ல், 46 வயதில் இறந்தார். ராப்பின் பெயரையும் இழுத்துத் தெருவில் போட்டார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இறந்த பெண்ணுக்கும் நியாயம் கிடைக்கவில்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் கிடைக்கவில்லை.

அந்த 1921-லேயே யூனிவர்சல் நிறுவனம் நடிகர் ஒப்பந்தங்களில் ஒழுக்க விதியைச் சேர்த்தது. இன்றைய விளம்பர ஒப்பந்தங்களில் இருப்பது அதன் வாரிசுதான். இந்த விதியின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று அது பொதுவாகச் சொல்லாது. பொதுமக்களின் வெறுப்புக்கோ அவமதிப்புக்கோ ஏளனத்துக்கோ ஆளாகும்படி நடந்தால் என்றுதான் சொல்லும். அதாவது நம் கோபமே அங்கே நிபந்தனை. பேரம் நடப்பதும் இந்தச் சொற்களில்தான். 'நீதிமன்றத் தீர்ப்பு வந்தால்' என்று எழுத நட்சத்திரத்தின் தரப்பு கேட்கும், 'குற்றச்சாட்டு எழுந்தாலே' என்று எழுத நிறுவனம் கேட்கும். எதிர்ப்பு வந்த இரண்டே நாளில் ஒரு நிறுவனம் விலகினால் அது உண்மையைக் கண்டுபிடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒப்பந்தம் அதற்கு வழிவிட்டது என்பது மட்டும்தான் தெரிகிறது.

எதிர்த்திசையிலும் இது வேலை செய்யும், கூட்டத்தின் அன்பும் கண்ணை மறைக்கும். சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஊக்கமருந்து எடுக்கிறார் என்று சந்தேகித்தவர்களை அவரே வழக்கிலும் வசையிலும் பல வருடம் துரத்தினார், ரசிகர்கள் கைதட்டினார்கள். 2012 அக்டோபர் 10 அன்று அமெரிக்க ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை, சைக்கிள் பந்தய வீரர்கள் 15 பேர் உட்பட 26 பேரின் சத்தியப்பிரமாண வாக்குமூலங்களோடு, ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஆதாரங்களை வெளியிட்டது. ஒரு வாரத்தில் நைக்கி விலகியது. ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்கள் போயின. பல வருடமாக உண்மையைச் சொல்லிவந்த சிலரிடம் நாம் முன்பே காது கொடுத்திருக்கலாம்.

கோபம் வந்தால் என்ன செய்வது? நிறுவனத்துக்கு எழுதுங்கள். சம்பவத்தின் தேதி, முழுக் காட்சியின் இணைப்பு, அந்த நிறுவனம் தானே வெளியிட்ட நடத்தை விதிகளில் எந்தப் பகுதி மீறப்பட்டது, என்ன நடவடிக்கை கேட்கிறீர்கள் என்ற நான்கும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். பெயர் போட்டு எழுதிய அப்படிப்பட்ட இருபது கடிதங்களுக்கு உள்ளே யாராவது பதில் தயாரித்தே ஆக வேண்டும், ஆயிரம் ஹேஷ்டேக் இரண்டு நாளில் ஓய்ந்துவிடும். படத்தைப் பார்க்காமல் இருப்பதும் முழு உரிமை, அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் மனைவி பக்கத்திலும் பிள்ளைகள் பக்கத்திலும் போய்த் திட்டுவது, புகார் கொடுத்தவரின் முகத்தையும் பெயரையும் தேடிப் பரப்புவது இரண்டும் புதிய பாதிப்புகளை உண்டாக்குகின்றன. புகார் கொடுத்தவரை அடையாளம் காட்டுவதை ரசிகர்கள் ஆதரவு என்று நினைத்தே செய்கிறார்கள். அடுத்து வாய் திறக்க இருந்த பெண் அதைப் பார்த்துத்தான் வாயை மூடிக்கொள்கிறாள்.

எத்தனை நாளைக்கு என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கிரிக்கெட் வாரியத்தின் 12 மாதத் தடைக்கு முடிவுத் தேதி உண்டு. அகாடமியின் 10 ஆண்டு 2032-ல் முடியும். கூட்டத்தின் கோபத்துக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. 2019 ஜூன் 9, உலகக் கோப்பையில் இந்தியா, ஆஸ்திரேலியா ஆட்டம் லண்டன் ஓவல் மைதானத்தில். தடை முடிந்து திரும்பியிருந்த ஸ்டீவ் ஸ்மித் எல்லைக்கோட்டருகே நின்றபோது இந்திய ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். பேட்டிங் செய்துகொண்டிருந்த விராட் கோலி அவர்கள் பக்கம் திரும்பி, நிறுத்துங்கள், கைதட்டுங்கள் என்று சைகை காட்டினார். கூட்டத்தின் சார்பில் ஸ்மித்திடம் மன்னிப்பும் கேட்டார். ஐசிசி அந்த ஆண்டின் விளையாட்டு மாண்பு விருதை அந்தச் சைகைக்காகக் கோலிக்குக் கொடுத்தது. இரண்டு மாதம் கழித்து எட்ஜ்பாஸ்டனில் ஆஷஸ் தொடங்கியபோது பார்வையாளர்கள் உப்புத்தாளை அசைத்துக் காட்டினார்கள். ஸ்மித் அந்த டெஸ்டில் 144, 142 எடுத்தார்.